கட்டிலுக்கு அடியில் ஒரு செருப்பு

1
இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. ஊசி போட வந்த நர்ஸ், எனக்கு வலி தெரியாமலிருக்க இதைச் சொன்னாள். வலியும் தெரிந்தது, கதையும் ஒட்டிக்கொண்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மனிதத் திறமையை அளப்பதென்பது ஆதிகாலம் தொட்டே..." போதும். எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

2
நர்ஸிங் செய்முறைத் தேர்வு. நோயாளியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற வேண்டும். கட்டிலின் சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை. கை வைத்ததும் கட்டில் நழுவி ஓடியது, ஒவ்வொருத்தியாகத் தோற்றார்கள். கடைசியாக வந்த ஒருத்தி மட்டும் தன் செருப்பைக் கழற்றிச் சக்கரத்தடியில் செருகிவிட்டு, நோயாளியை (ரப்பர் பொம்மைதான், இரக்கத்தைச் சேமித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்) அலுங்காமல் மாற்றினாள்.

எத்தனை பேர் தோற்கிறார்களோ, கேள்வி அத்தனை கடினம். தேர்வுக் குழுவின் அளவுகோல் இவ்வளவுதான். தலைவருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை.

"பாத்தீங்களா டீச்சர்? ஒரே ஒருத்திதான் தேறியிருக்கா. கேள்வின்னா இப்படி இருக்கணும்!"

"கேள்வி கஷ்டமில்ல சார். கட்டில்தான் ஓடுது. பிரேக் பிடிக்கல."

"அது நான் பாத்துப் பாத்து வாங்கின கட்டில்."

அதற்கு மேல் விவாதம் உண்டா? (இவரை வில்லனாக்க மீசை வைத்துப் பார்த்தேன். தேவைப்படவில்லை.)

3
மதிப்பெண் போட்ட டீச்சருக்கு நெஞ்சில் முள். கேள்வியை ரத்து செய்தால் மற்றவர்கள் பிழைப்பார்கள். ஆனால் செருப்புக்காரி மற்றதிலெல்லாம் சுமார். இந்த மதிப்பெண் போனால் ஃபெயில். ரத்து செய்யாவிட்டால், கட்டில் ஓடியதற்கு மற்ற பெண்கள் ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டும்.

[டீச்சர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள் என்று எழுதி அடித்துவிட்டேன். அந்த அறைக்கு ஜன்னலே கிடையாது.]

4
முடிவு அ: டீச்சர் உண்மையை முழங்குகிறாள், தலைவர் மனம் திருந்துகிறார். (சிரித்து முடித்தீர்களா?)

முடிவு ஆ: டீச்சர் வாயை மூடிக்கொள்கிறாள். வழக்கமாக நடப்பது அதுதான். அதை எழுத நான் எதற்கு?

முடிவு இ: தலைவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டுகிறார்.

"அசையுதா? சொல்லுங்க, அசையுதா?"

அசையவில்லை. வாசலில் அவள், ஒற்றைச் செருப்போடு.

"டீச்சர், இன்னொரு செருப்பு அடியிலேயே கெடக்கு. எடுத்துக்கட்டுமா? பஸ் போயிரும்."

எடுத்தால் கட்டில் ஓடும், தலைவரோடு. பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கேள்வி ரத்தாகி, பின்னாலேயே அவள் மதிப்பெண்ணும் ஓடும். அது அவளுக்குத் தெரியாது.

டீச்சர் வாயைத் திறந்தாள்: "அம்மாடி, அதை..."

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. குனிந்தும் பார்த்துவிட்டேன், செருப்பு என் கைக்கு எட்டவில்லை. நீங்கள்தான் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.