மூட்டத்துக்குள்ளே ஒரு சேவல்

சோறு வடித்து இறக்கிய கையோடு மழை பிடித்தது. சாய்ந்தடித்த சாரலில் குடிசை வாசலில் கூட்டியிருந்த கல்லடுப்பு குட்டையாகிவிட்டது. அறுத்துச் சுத்தம் பண்ணிய சேவல் பச்சையாகச் சட்டியில் கிடந்தது.

கூத்தையா வானத்தைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். மகள் பூமயில் கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு முதல் விருந்துக்கு வந்திருக்கிறாள். கூடவே சம்மந்தியம்மா இருளம்மாள். விறகை அடுக்கி மண் பூசிக் கரியாக்கும் கரிமூட்டம் எரிகிறபோது விட்டுவிட்டுப் போகமுடியாதென்று, ஊரில் வைக்கவேண்டிய விருந்தைக் கருவேலங்காட்டுக் குடிசையில் வைத்தது அவர் பார்த்த வேலை.

"மழையச் சாக்கா வச்சு ரசத்த ஊத்திப்புடாதீக சம்மந்தி," என்றாள் இருளம்மாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நாளைக்குத் திருப்புல்லாணி ஊர் பூராவும் சொல்லவும் செய்வாள்.

கூத்தையாவின் பெண்டாட்டி ராக்கு வெளியே பார்த்தாள். அத்தனை மழையிலும் நெருப்பு ஒரே இடத்தில்தான் இருந்தது. மண் பூசிய மூட்டத்துக்குள்ளே.

"வேணாண்டி. ஓட்டை போட்டா காத்துப் பூந்து அம்புட்டு விறகும் சாம்பலாப் போயிரும். ஒரு மாசம் வெட்டுன வெட்டு," என்றார் கூத்தையா, அவள் பார்வை போன இடத்தைப் பார்த்து.

"வெட்டுனது நீங்க. அடுக்கிப் பூசுனது ஆரு?"

அரைத்து வைத்திருந்த குண்டு மிளகாய், பூண்டு, உப்பைச் சேவலுக்கு உள்ளும் புறமும் அப்பினாள். பனையோலையில் சுற்றிக் களிமண்ணைக் கனமாகப் பூசினாள். காற்றடிக்காத பக்கம் போய் மூட்டத்தில் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள். மண்வெட்டியால் ஒரே வெட்டு. தீ நாக்கை நீட்டுமுன் உருண்டையை உள்ளே தள்ளி, ஈர மண்ணை அள்ளி அறைந்துவிட்டாள். கூத்தையா அப்புறம்தான் மூச்சு விட்டார்.

பொழுது சாய உருண்டையை வெளியே எடுத்து ஓட்டையை அடைத்ததும் அதே வேகத்தில்தான். அரிவாள் பிடியால் தட்டியதும் களிமண் ஓடு பிளந்தது. முழுச்சேவல், சிவந்து, கொழுப்பு வடிய.

மாப்பிள்ளை முனியசாமி முதல் ஆளாகக் கையை நீட்டினான். காலைப் பிடித்து இழுத்தான், எலும்பு மட்டும் கையோடு வந்தது.

"ஏலே, நானும் மனுசிதாண்டா," என்றாள் இருளம்மாள். "அந்த நெஞ்ச இங்கன தள்ளு."

கூத்தையா எழுந்து போய் மூட்டத்தைச் சுற்றி வந்தார். எங்கும் அமுங்கவில்லை. வெள்ளைப்புகை முன்போலவே சோம்பலாகப் போனது. பூசிய இடத்தில் ராக்குவின் ஐந்து விரலும் பதிந்திருந்தன. மழை அதைக் கரைத்துவிடாமல் ஓலையொன்றைச் சாத்திவிட்டு வந்தார்.

"என்ன, சரிஞ்சிருச்சா?"

"நீ பூசுனது சரியுமாக்கும்? சோத்தப் போடு."

"கழுத்துதான் மிச்சம்."

"போதும்டி," என்று உட்கார்ந்தார்.