தம் நிற்கும் அடுப்பு

தொண்ணூற்றேழாம் வருடம், ஆடித் தள்ளுபடியின் கடைசி சனிக்கிழமை. தி. நகரே புடவைக்கு முண்டியடித்துக்கொண்டிருக்க, கைசர் ஜஹான் பிரியாணி ஆக்கும் பெரிய தேக்சாவை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து ஒரு கடை முன் இறங்கினாள். ஹோட்டல்களுக்கு அடுப்பும் பாத்திரமும் விற்கும் கடை அது.

கடைக்காரர் தங்கவேல் தேக்சாவைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஈயம் பூசணுமா? அது பக்கத்து சந்து."

"அடுப்பு வாங்கணும். வீட்டுக்கு."

பின்னால் மூடியைத் தூக்கிக்கொண்டு வந்த கணவர் அப்துல் கய்யூம் விளக்கினார். "அடுத்த ஞாயிறு பொண்ணுக்கு நிச்சயம். வீட்ல நாப்பது பேர். பிரியாணி நான்தான் ஆக்குவேன்னு நிக்கிறா. வீட்டு அடுப்புல இது உக்காராது."

இன்று அடுப்பு அமையாவிட்டால் சமையல்காரர் மெஹபூப் பாஷாதான் சமைப்பார் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அவர் கைதான். கைசரின் நிக்காஹ் பிரியாணியும் அவர் ஆக்கியதே. மகளுக்கு மட்டும் தன் கையால் என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள்.

தங்கவேல் முதல் அடுப்பைப் பற்றவைத்தார். தீ குப்பென்று எழுந்து இரைந்தது.

"அடேயப்பா!" கய்யூம் ஓர் எட்டு பின்வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. "இதையே போட்டுடுங்க."

"கம்மி பண்ணுங்க," என்றாள் கைசர்.

தங்கவேல் குறைத்தார்.

"இன்னும்."

தீ அணைந்துவிட்டது.

"ஹோட்டல்ல யாரும்மா சிம்ல வெச்சிக்கினு நிப்பாங்க?"

"பிரியாணிக்கு தம் போடறவங்க நிப்பாங்க. மூடி போட்டப்புறம் சின்னத் தீ அணையாம நிக்கணும்."

இரண்டாவது அடுப்பில் சிறு தீ நின்றது. கைசர் மூலையில் ஓடிக்கொண்டிருந்த பெடஸ்டல் ஃபேனைக் காட்டினாள்.

"அதை இப்படித் திருப்புங்க."

"பாய், இன்னா பாய் இது? அடுப்பு வாங்க வந்தீங்களா, அணைக்க வந்தீங்களா?"

"எங்க வீடு பெசன்ட் நகர்," என்றாள் கைசர். "சமையக்கட்டு ஜன்னல் கடலைப் பாத்து இருக்கு. சாயங்காலக் காத்து என்னைக் கேட்டுட்டா வரும்?"

"ஜன்னலைச் சாத்திக்கம்மா."

"நாப்பது பேருக்கு ஆக்கும்போது சாத்தினா, நானே தம்ல வெந்துடுவேன்."

கய்யூம் வாய்விட்டுச் சிரித்தார். தங்கவேல் ஃபேனைத் திருப்பினார். இரண்டாவதும் அணைந்தது.

மூன்றாவது அடுப்பு கடையின் பின்பக்கம் கிடந்தது. கனத்த இரும்பு. ஒவ்வொரு பர்னரைச் சுற்றியும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு.

"பழைய மாடல்மா. செம வெயிட்டு. யாரும் எடுக்க மாட்றாங்க."

கைசர் தேக்சாவில் தண்ணீர் ஊற்றி ஏற்றினாள். அசையாமல் உட்கார்ந்தது. தீயை அவளே குறைத்தாள். நீலமாக ஒரு வளையம் மிஞ்சியது. ஃபேன் திரும்பியது. வளையம் ஒருபக்கம் சாய்ந்தது. அணையவில்லை.

"ஃபேனை வேகமா வைங்க," என்றாள்.

மேஜையிலிருந்த ரசீதுகள் பறந்தன. தங்கவேல் அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினார். கைசர் துப்பட்டாவை இறுகச் சொருகிக்கொண்டு அடுப்பின் முன் குனிந்தாள். கய்யூமும் பக்கத்தில் குனிந்தார்.

"நிக்குது, கைசர்! நிக்குது!"

அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கைசர் தீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்கு மெஹபூப் பாஷாவைக் கூப்பிடுங்க."

"ஆக்கவா?" கய்யூம் திகைத்தார்.

"சாப்பிட. முதல் பந்தியில. நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"