மூலையில் தெரிந்த கால்

செருப்பில் ஏறிய ஆணியோடு என் வீட்டுக்காரர் ஒரு பகல் முழுக்க சிமென்ட் மூட்டை சுமந்திருக்கிறார். வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து நான் கத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கிடங்கில் அவருக்குப் பட்டப்பெயர் 'இரும்பு'. இரும்புல ஆணி இறங்கிடுச்சாம் என்று எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

எங்கள் ஊர் டாக்டரம்மா சிரிக்கவில்லை. புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, "சர்க்கரை நரம்பைத் தின்னிருக்கும் போல. நாளைக்கு வாங்க, பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்கிட்ட வீடியோவுல காட்டலாம். உணர்ச்சி இல்லேன்னா உடனே போய்ப் படுக்கணும். அசட்டையா விட்டா காலையே எடுக்கும்படி ஆயிடும்," என்றார்.

என் வீட்டுக்காரர் காதில் ஏறியது 'படுக்கணும்' ஒன்றுதான். "நான் படுத்தா மேஸ்திரி என் இடத்துல வேற ஆளைப் போட்டுடுவான்."

மறுநாள் மருந்து வாடை அடிக்கும் அந்தச் சின்ன அறையில், கட்டிலில் காலை நீட்டி உட்காரவைத்தார்கள். டாக்டரம்மா கேமராவைப் பாதத்துக்கு நேராகத் திருப்பினார். எதிரே திரை நிறையப் பெரிய டாக்டரின் முகம். கீழ் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு, எங்கள் பக்கத்துப் படம்: என் வீட்டுக்காரரின் பாதம்.

"என்னய்யா, ஆணியோடவே நடந்தீங்களாமே?"

"வேலை மும்முரம் டாக்டர். உணர்ச்சியெல்லாம் ஜோரா இருக்கு."

"பார்த்துடலாம். காலைப் பார்க்காதீங்க, என் மூஞ்சியையே பாருங்க. தொட்டதும் சொல்லுங்க."

டாக்டரம்மா குனிந்து, தூண்டில் நரம்பு போன்ற ஒரு மெல்லிய இழையால் கட்டைவிரலைத் தொட்டார்.

"ம்."

குதிகால்.

"ம்."

சுண்டுவிரல்.

"ம். கூசுது டாக்டர்."

"பரவாயில்லையே," என்றார் பெரிய டாக்டர். "அப்ப வீட்டுலயே மருந்து கட்டிப் பார்க்கலாம்."

எனக்கு மூச்சு வந்தது. திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண் டாக்டரின் முகத்தில் இல்லை. திரையின் மூலையில் இருந்தது. குனிந்திருந்த டாக்டரம்மாவுக்கு அது தெரியாது. கேமரா பாதத்தைப் பார்ப்பதால் பெரிய டாக்டருக்கும் தெரியாது.

நான் பார்த்துவிட்டதை அவர் பார்த்தார். லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. மேஸ்திரி முடியுமா என்று கேட்டால் முடியும் என்று சொல்லியே பழகிய முகம்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. எழுந்துபோய்த் திரையின் மூலையை உள்ளங்கையால் மூடினேன்.

"என்னம்மா பண்றீங்க?" என்று நிமிர்ந்தார் டாக்டரம்மா.

"இப்பத் தொடுங்கம்மா."

என் கையைப் பார்த்தார், என் வீட்டுக்காரர் கண்ணைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். கட்டைவிரலில் இழை வளைந்தது. குதிகாலில் வளைந்தது. சுண்டுவிரலில் வளைந்தது. ஒரு 'ம்' கூட வரவில்லை.

"இன்னைக்கே அனுப்பி வைங்க," என்றார் பெரிய டாக்டர்.

என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை.

"என்னடி இது," என்றார். "இன்னும் தொடவே இல்லையே."