மூன்று மணி ஆட்டம்

சமுதாயக் கூடத்தின் ஏழு சன்னல்களிலும் சாக்குப் படுதாவை இழுத்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான் மாதையன். ஒரு பொட்டு வெயில் உள்ளே வந்தாலும் படம் வெளுத்துவிடும். ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில் அமாவாசையன்று யாரும் ஏர் பூட்டுவதில்லை. அதனால் அன்றைக்குத்தான் சினிமா. எழுபத்தெட்டில் ஊர் இளைஞர்கள் பழைய பதினாறு எம்.எம். மெஷின் ஒன்றை வாங்கிப்போட்டதிலிருந்து இரண்டு வருசமாக இதுதான் நடைமுறை. காலை பதினொன்றுக்கு ஒரு ஆட்டம், மூன்று மணிக்கு அதே படம் இன்னொரு ஆட்டம். வேலை செய்கிற யாருக்கும் கூலி கிடையாது.

சேலம் போய்ப் படப்பெட்டியைச் சைக்கிளில் கட்டிவருவது, மெஷினைத் துடைப்பது, ஃபிலிம் மாட்டும்போது ஆப்பரேட்டர் வேலுசாமிக்குக் கைகொடுப்பது எல்லாம் மாதையன்தான். சனங்கள் உள்ளே வரத் தொடங்கியதும் அவன் வெளியேறிவிட வேண்டும். காலனிக்காரர்களுக்கு இடம் திரைக்கு அந்தப் பக்கம், மேடையின் பின்பாதி. திரை என்பது நாலு வேட்டியை ஒட்டித் தைத்ததுதான். படம் அந்தப் பக்கமும் நன்றாகவே தெரியும்.

அன்று காலை ஆட்டம் முடிந்ததும் வேலுசாமி சூடு ஆறாத பல்பைத் தொட்டுத் தொலைத்தான். வலது கை விரல்கள் நாலும் கொப்பளித்துவிட்டன.

"மாதையன் ஓட்டுவானுங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவனுக்கும் தெரியும்," என்றான் கூடத்துத் தலைவர் சென்னிமலையிடம்.

மாதையன் அவர் தோட்டத்துப் பண்ணையாள். சென்னிமலை அவன் பக்கம் திரும்பினார்.

"செரி, ஓட்டுடா. ஃபிலிமு கிழிஞ்சுதுன்னா நாளைக்குத் தோட்டத்துப் பக்கம் வராதே."

மூன்று மணிக்கு மெஷின் ஓடத் தொடங்கியது. முதல் தடவையாகக் கூடத்துக்கு உள்ளே நின்று படம் பார்த்தான் மாதையன். எழுத்துகள் போட்டபோது அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. படிக்கத் தெரியாத அவனுக்கு எழுத்து எப்படி நின்றாலும் ஒன்றுதான். அப்புறம் நாயகியின் வீடு வந்தது. காலையில் வீட்டுக்கு இடது பக்கம் இருந்த கிணறு இப்போது வலது பக்கம் இருந்தது.

ஃபிலிமைப் புரட்டி மாட்டிவிட்டோம், ஓடுகிற ஓட்டத்தில் மெஷின் பல்லில் சிக்கிக் கிழியப்போகிறது என்று பதறிப்போனான். பல்பை அணைத்து, மோட்டாரையும் நிறுத்தினான். கூடம் இருண்டு, நாலாபக்கமும் விசில் பறந்தது.

"என்னடா பண்ணிப்போட்ட?" சென்னிமலை எழுந்து வந்தார்.

"மாத்தி மாட்டிப்புட்டனுங்க சாமி. கெணறு எடம் மாறி நிக்குதுங்க."

வேலுசாமி டார்ச் அடித்து ஃபிலிமை அடி முதல் நுனி வரை பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"எல்லாம் செரியாத்தான் இருக்குது மாதையா. நீ எந்நேரமும் திரைக்குப் பின்னால உக்காந்து பாத்தவன். அங்கிருந்து பாத்தா வலது எடதாத் தெரியும். இதுதான் நேர்ப்பக்கம்."

கூடமே சிரித்தது. சென்னிமலையும் சிரித்துவிட்டார். மாதையனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனும் சேர்ந்து சிரித்தபடி மோட்டாரையும் பல்பையும் போட்டான்.

ஐந்தரைக்குப் படம் முடிந்தது. ஃபிலிமில் ஒரு கீறல்கூட இல்லை.

"அடுத்த அமாவாசைக்கும் நீயே ஓட்டு. காலையில வெள்ளெனத் தோட்டத்துக்கு வந்துரு," என்றார் சென்னிமலை.

"வாரேனுங்க சாமி."

பின்வாசலில் அவன் மனைவி குப்பாயி காத்திருந்தாள். முகமெல்லாம் பெருமை.

"நீங்க ஓட்டுன படம்னு ரெண்டாந்தடவையும் சலிக்கலைங்க. அந்தப் புள்ள வாசல்ல கோலம் போட்டா பாருங்க, என்ன ஒரு நேர்த்தி."

காலனிக்குத் திரும்பும் வழியில் நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளி, நாயகி போட்டதைப் போலவே நிதானமாக, இடது கையால் புள்ளி வைக்கத் தொடங்கினாள்.