மூன்றாவது எடிட்டர்

கோப்புகளைப் பைட் பைட்டாகப் பிரித்துக்காட்டும் இலவச ஹெக்ஸ் எடிட்டர் எது நல்லது என்று மனைவியின் தம்பியிடம்தான் கேட்டேன். மூன்று சொன்னான். சோதித்துப் பார்க்க, தானே எழுதியதாக அவன் மார்தட்டிக்கொள்ளும் நூலக மென்பொருளையே திறந்தேன். முதல் இரண்டும் திணறின. மூன்றாவதில் பழக்கதோஷத்தில் 'புஜ்ஜிமா' என்று தேடினேன். அது என் மகளின் செல்லப்பெயர்; நான் எழுதும் நிரல்களில் மட்டும் ஒளித்துவைப்பேன். சட்டென்று வந்து நின்றது! மேலே, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவன் பெயர். இரண்டு வருடம் என் வீட்டில் சாப்பிட்டவன். உண்ட வீட்டுக்கே ரெண்டகம்.

அவனே போன் பண்ணினான். "எதை எடுத்தீங்க மாமா?"

"மூணாவதை. எம் பேரை அழிச்சே, சரி. உங்கக்கா மக பேரு கண்ணுல படலையாடா?"