எங்க பாஷை இல்லை

டீச்சருக்கு அன்று காலையிலேயே தலையிடி. அவர் உண்மையில் டீச்சரே அல்ல; பக்கவாதம் வந்து பேச்சு குழறிப்போனவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். படம் போட்ட அட்டைகளைக் காட்டி "இது என்ன? இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் வார்டில் யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஆனால் இப்போது அவரை வாட்டி எடுத்தது அந்தப் பெயர் அல்ல, ஜன்னலோரக் கட்டிலில் இருந்த கிரேன்காரரின் குடும்பம்.

கிரேன்காரர் பேசினார். அதுதான் தொல்லையே. மற்ற நோயாளிகள் ஒரு சொல்லை வெளியே கொண்டுவரப் படாத பாடு படும்போது, இவர் மூச்சு விடாமல் பேசுவார், கையை ஆட்டுவார், நடுவில் குரலைத் தாழ்த்தி ஏதோ ரகசியம் சொல்வார், கடைசியில் தானே சிரித்துக்கொள்வார். ஆனால் ஊரே பேசுகிற பொது மொழியில் ஒரு வார்த்தை வராது. பிறந்த வீட்டில் அவர் பேசியது ஜார்க்கண்ட் பக்கத்துப் பழங்குடிகளின் மொழியான சந்தாலி. பிறகு கொரிய மொழி பேசும் ஒரு தையல்காரியைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, அந்த மொழியையும் தண்ணீர் பட்ட பாடாக்கிக்கொண்டவர்.

"வெளியில கத்துக்கிட்டது போயிடுச்சு. வீட்டு பாஷை ரெண்டுல ஒண்ணு மிஞ்சியிருக்கு. எதுன்னு பார்த்துச் சொல்லுங்க, அது புரியற வீட்டுக்கே அனுப்பிடலாம்" என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சொல்வதற்கென்ன, வாய் வலிக்கவா போகிறது?

மனைவி காலையில் வருவார், அண்ணன் மாலையில். கல்யாணத்தன்று தொடங்கிய மனஸ்தாபம்; ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை. டீச்சர் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"அவங்க பாஷைதான் பேசறார் டீச்சர்," என்றார் மனைவி, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "இத்தனை வருஷம் என்கூடக் குடும்பம் நடத்திட்டு, கடைசியில அம்மா வீட்டுப் பாஷைக்கே போயிட்டார். போகட்டும். அவங்களே கூட்டிட்டுப் போய்ப் பார்த்துக்கட்டும்."

மாலையில் பஸ் பணிமனையிலிருந்து கிரீஸ் வாடையோடு நேராக வந்த அண்ணன் சீறினார். "எங்க பாஷையா? அது இருந்தாத்தானே! அவ எப்பவோ அவன் மண்டையில இருந்து அதை வழிச்செடுத்துட்டா. வாயைத் திறந்தா அவளோடதுதான் வருது. அவளே வெச்சுக்கட்டும்."

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளியை யார் வைத்துப் பார்ப்பது என்று அடித்துக்கொள்ளும் குடும்பங்களை அவர் பார்க்காதவர் அல்ல. அவர்கள் வேலை என்பார்கள், இடமில்லை என்பார்கள், முதுகு வலி என்பார்கள். பொறுப்பைத் தட்டிக்கழிக்கப் பாஷையைச் சாக்காகப் பிடித்தவர்களை இப்போதுதான் பார்க்கிறார். கிரேன்காரர் பேசியதைப் போனில் பதிவு செய்து இருவருக்கும் போட்டுக் காட்டினார். மனைவி "அவங்களோடது" என்றார், அண்ணன் "அவளோடது" என்றார். ஒருவர் வாய் கூசாமல் பொய் சொல்கிறார் என்பது மட்டும் டீச்சருக்கு உறுதியாகிவிட்டது.

யாரென்று தானே கண்டுபிடிக்கக் களத்தில் இறங்கினார். மதிய இடைவேளையில் ஒரு கையில் ரொட்டியும் காதில் இயர்போனுமாகச் சந்தாலிச் செய்தியும் கொரியச் செய்தியும் மாற்றி மாற்றிக் கேட்டார். கிடைத்ததையெல்லாம் படித்தார். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எழுதியிருந்தது. கேட்டாலோ இரண்டும் பேசி வைத்துக்கொண்டு அவரைப் பழிவாங்குவது போலிருந்தது. அதிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில், இதிலும் கடைசியில். இரண்டிலும் சொல்லுக்குப் பின்னால் வாலை ஒட்டிக்கொண்டே போகிறார்கள். சொல் முடிகிற இடத்தில் வரும் சில ஒலிகளை வெளியே விடாமல் கடித்து நிறுத்துவது அதிலும் உண்டு, இதிலும் உண்டு.

வித்தியாசம் இல்லாமலா? சந்தாலியில் தமிழைப் போலவே நாம் வேறு, நாங்கள் வேறு. போதாததற்கு இரண்டு பேர் என்றால் அதற்குத் தனியாக ஒன்று. கொரிய மொழியில் எதிரே இருப்பவர் பெரியவரா சின்னவரா என்று பார்த்து வாக்கியத்தை முடிக்கிற விதத்தையே மாற்ற வேண்டும். ஆனால் இதையெல்லாம் பிடிக்க மொழி தெரிய வேண்டுமே. வெறும் காதை வைத்துக்கொண்டு கிளம்பிய டீச்சருக்கு, கிரேன்காரர் ஒரு கணம் சந்தாலிக்காரராகவும் மறு கணம் கொரியக்காரராகவும் ஒலித்தார். இயர்போனைப் பிடுங்கி மேசையில் எறிந்துவிட்டு இருவருக்கும் போன் செய்தார். "நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வர்றீங்க. சாக்குப்போக்கு எதுவும் வேண்டாம்."

வந்தார்கள். கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. மனைவி ஜன்னலைப் பார்த்தார், அண்ணன் கதவைப் பார்த்தார். நடுவில் கிரேன்காரர் தலையணையில் சாய்ந்து, இருவரும் சேர்ந்து வந்ததில் வாயெல்லாம் பல்லாக இருந்தார்.

டீச்சர் ஏணிப் படத்தை எடுத்து நீட்டினார். "இது என்னன்னு உங்க பாஷையில கேளுங்க."

மனைவி கேட்டார். கிரேன்காரர் படத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், கனிவாக நீளமாக ஏதோ சொன்னார்.

மனைவி அண்ணன் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. என்ன சொல்றார்?"

"என்னைக் கேட்டா? உன்னைப் பார்த்துத்தானே பேசறான். உங்க பாஷை."

"விளையாடறீங்களா? அதுல ஒரு வார்த்தைகூட எங்களோடது இல்ல. உங்களோடது."

"எங்களோடதா?" அண்ணனின் குரல் இறங்கியது. தம்பியிடம் குனிந்து சந்தாலியில் ஏதோ கேட்டார். தம்பி அவருக்கும் அதே உற்சாகத்தோடு, கையை ஆட்டி, பதில் சொன்னார். அண்ணன் நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. "இது எங்க பாஷை இல்லம்மா. சத்தியமா இல்ல."

பொய் சொன்னவர் யாருமில்லை. டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. பேச்சின் ராகம் அப்படியே இருக்கும், ஏற்றமும் இறக்கமும் சிரிப்பும் இருக்கும், உள்ளே சொல் மட்டும் இருக்காது. இப்படி ஒன்று உண்டு என்பது அவர் படித்த பாடம். இதே வார்டில் பார்த்ததும் உண்டு. தெரியாத இரண்டு மொழிகள் குறுக்கே நின்றதும், மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்பது புத்தியில் ஏறவே இல்லை. இத்தனை நாள் அவர்கள் மேல் வந்த கோபமெல்லாம் சேர்ந்து அவர் தலையிலேயே விழுந்தது.

மென்று விழுங்கிச் சொன்னார். இது எந்த மொழியும் இல்லை. சரியாகப் பேசுகிறோம் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நாம் சொல்வதும் அவருக்குப் பாதிதான் எட்டும். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம். எந்த மொழி முதலில் வரும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது.

மனைவி யாரையும் பார்க்காமல் சொன்னார். "ஒருநாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசினார். கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. எனக்கு ஆத்திரம். 'இதை உங்க அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க'ன்னு கையை உதறிட்டேன்."

அண்ணன் தரையைப் பார்த்தார். "நான் அதுகூடச் சொல்லல. அவன் பேசப் பேச எழுந்து போயிடுவேன்."

அப்படியானால் இத்தனை நாளாக இந்த மனிதர் பேசியதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. டீச்சர்கூடப் பதிவுதான் செய்தார். தாங்க முடியாத அளவுக்கு அவமானமாக இருந்தது.

மூவரையும் கிரேன்காரர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். கேள்விதான், சந்தேகமில்லை, குரல் கடைசியில் மேலே போய் நின்றது. பதிலுக்காகக் காத்திருந்தார்.

மனைவி தன் மொழியில் "ஆமாம்" என்று சொல்லிப் பார்த்தார். கிரேன்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அண்ணன் அவசரமாகத் தன் மொழியில் "இல்லை" என்றார். அதுவும் சரியில்லை. கிரேன்காரர் டீச்சரைப் பார்த்தார். அவரிடமிருந்தும் ஒன்றும் பெயரவில்லை. மூன்று மக்குகளிடம் மாட்டிக்கொண்டவரைப் போலப் பெருமூச்சு விட்டுவிட்டு, ஒரு விரலைத் தூக்கி, முதலிலிருந்து நிறுத்தி நிறுத்திச் சொல்ல ஆரம்பித்தார்.

மனைவி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டார். அண்ணனும் இழுத்துப் போட்டார்.

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "டீச்சர், எந்த வீட்டுக்கு அனுப்பறதுன்னு பெரிய டாக்டர் கேக்கறார்."

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கையமர்த்தினார். "கொஞ்சம் இரும்மா. முதல்ல அவன் சொல்லி முடிக்கட்டும்."