சுருளி மாட்ட மறுத்த ஃபோர்க்

சுத்தியல் இறங்க இரண்டு அங்குலம் இருக்கையில் சுருளி பாய்ந்து முத்துச்செல்வியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடுங்கண்ணே! நீங்க மாட்ட மாட்டேங்கிறீங்க. நானே அடிச்சுக்கிறேன்.”

“அடிச்சேன்னா தொலைஞ்ச. கீழ வையி பாப்பா.”

அவள் வைக்கவில்லை. விடிந்தால் மேலூர் ரோட்டில் நாற்பது கிலோமீட்டர் தேர்வு ஓட்டம். முதல் இரண்டு பேருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. வயது வரம்பு தாண்டப் போகிறது; அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. முந்தாநாள் எழுமலை அருகே ஒரு பள்ளம் அவள் ரேஸ் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை வளைத்துவிட்டது.

சுருளியின் கப்பலூர் பட்டறை மேஜையில் இப்போது இரண்டு ஃபோர்க்குகள். ஒன்று அவர் எடுத்து வைத்த இரும்பு. மற்றது அவள் கோயம்புத்தூரில் இருந்து வரவழைத்த கார்பன். கையில் எடுத்தால் காகிதம்.

“இரும்பை மாட்டிட்டுப் போ. அரைக்கிலோதான் கூட.”

“அரைக்கிலோ தானா? ஒத்தக்கடை மேம்பாலத்துல நீங்க வந்து தள்ளுவீங்களா?”

சுருளி சிரிக்கவில்லை. கார்பனின் மேல் தண்டு வாயில் அவள் வைத்திருந்த இரும்பு நட்டை எடுத்துக் காட்டினார். ஹேண்டில் ஆடாமலிருக்கத் தண்டுக்குள் அடித்து இறக்குகிற நட்டு. சுற்றிலும் பல்.

“இது இரும்புத் தண்டுக்குத்தான் ஆகும். கார்பனை உள்ளுக்குள்ள கீறிவிட்ரும். வெளிய ஒண்ணும் தெரியாது. ஒருநாள் சடக்குனு முறியும். கார்பனுக்கு வேற பிளக் இருக்கு, மெட்ராஸ்ல இருந்து வரணும். ரெண்டு நாளாவும்.”

“கதை விடாதீங்கண்ணே. எங்கண்ணன் அருள்பாண்டிக்குக் கார்பன் மாட்டுனது யாரு? இதே நட்டு, இதே சுத்தியலு. நான் பக்கத்துலதான நின்னேன்? ஓடுச்சா இல்லையா?”

“ஓடுச்சு” என்றார் சுருளி. “ரெண்டு மாசம்.”

அவள் நட்டைப் பிடுங்கி மறுபடி தண்டு வாயில் வைத்தாள். சுத்தியல் உயர்ந்தது.

“பாப்பா, வேணாம்! என் கையால ஒரு உசிரு போனது போதும்!”

கை அந்தரத்திலேயே நின்றது.

எட்டு மாதம் முன்பு, அதே மேலூர் ரோட்டில், பயிற்சியின் போது அருள்பாண்டி செத்துப் போனான். மோதியது கிரானைட் லாரி என்றுதான் வழக்கு. ஸ்டாப்வாட்ச்சோடு பைக்கில் பின்னால் போன சுருளிதான் ஒரே சாட்சி. டிரைவர் பேயாண்டிக்கு ஜாமீன் கிடைத்தாலும் லைசென்ஸ் போனது, பிழைப்பும் போனது. அவன் பொஞ்சாதி கைக்குழந்தையோடு வந்து காலில் விழுந்தபோது, கதவை அறைந்து சாத்தியவள் முத்துச்செல்விதான்.

“லாரி... மோதலையா?”

“ஃபோர்க் முறிஞ்சுச்சு. கண்ணு முன்னாலயே.” சுருளி ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்தார். “ஆஸ்பத்திரியில போலீசு என்னாச்சுன்னு கேட்டப்ப, ரோட்டுல நின்ன லாரியக் கைகாட்டிட்டேன்.”

“லாரி எதுக்கு நின்னுச்சு?”

“நான் கையக் காட்டி மறிச்சேன். ஏழு லாரி நிக்காமப் போச்சு. எட்டாவதா வந்த பேயாண்டிதான் நிறுத்தி, உங்கண்ணனை லாரியில தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான்.”